வெறுங்காலோடு திரும்பும் பருந்து

சென்னையின் பெரும்பாக்கம் ஏரிக்கரையில் வீச்சுவலை போட்டு ஜிலேபி மீன் பிடிக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. குளிர்காலக் காலைகளில் நான் நீளமான லென்ஸோடு கரையோரம் உட்கார்ந்திருந்தால், வலையை உதறிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்பார். ஒருநாள் கைப்பேசியில் இருக்கும் படங்களைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மீனோடு எழும் விராலடிப்பான், எலியோடு போகும் கருந்தோள் பருந்து, ஓணானை மிதித்துக்கொண்டு கம்பத்தில் நிற்கும் வைரி. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், "எல்லா போட்டோவுலயும் கால்ல ஏதோ ஒண்ணு மாட்டிக்கினு இருக்கே தம்பி. நான் டெய்லி பாக்கறது வெறுங்காலோட போற பருந்துதான். இதெல்லாம் வேற ஊர்ப் பருந்தா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

சரி, கிண்டல்தான். அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். எனக்குத்தான் அது மனதை விட்டுப் போகவில்லை. பறவைப் படம் எடுப்பவர்கள் 'ஆக்‌ஷன் ஷாட்' என்று சொல்வதற்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத நிபந்தனை ஒன்று இருக்கிறது: காலில் இரை இருக்க வேண்டும். இறக்கை முழுதாக விரிந்திருக்கலாம், கண்ணில் வெளிச்சப் புள்ளி விழுந்திருக்கலாம், பின்னணி அழகாகக் கரைந்திருக்கலாம். நகங்களுக்கு நடுவே ஒன்றும் இல்லையென்றால் அது 'மிஸ்'. வீட்டுக்கு வந்து மெமரி கார்டைக் கணினியில் செருகியதும் முதலில் அழிவது இந்த மிஸ்கள்தான். நொடிக்கு இருபது, முப்பது ஃபிரேம் எடுக்கும் கேமராக்கள் வந்த பிறகு அழிக்காமல் இருக்கவும் முடியாது. ஒரே காலையில் ஹார்ட் டிஸ்க் பிதுங்கிவிடும். அழித்த பிறகு மிஞ்சுவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பருந்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். வந்தால் கொண்டுபோகும், குறி தப்பாது, வானத்து ராஜா. எடுக்கிறவர்களும் நாளடைவில் அதையே நம்ப ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வலைக்கார அண்ணன் சொன்ன கணக்கை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் போட்டுப் பார்த்திருக்கிறார். ஸ்வீடனின் தென்மேற்கு முனையில் ஃபால்ஸ்டர்போ என்று ஒரு தீபகற்பம் உண்டு. வடக்கிலிருந்து வலசை போகும் பறவைகள் கடலைக் கடக்கும் முன் இலையுதிர்காலத்தில் வந்து குவியும் இடம். குஸ்தாவ் ரூடெபெக் என்ற பறவையியலாளர் அங்கே நின்று, இரைகொல்லிப் பறவைகள் பாய்ந்ததையெல்லாம் வெற்றி, தோல்வி என்று பாகுபாடு பார்க்காமல் எழுதிவைத்தார். 1950-51இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. பெரிகிரின் என்று நாங்கள் எல்லோரும் சொல்லும் பொரி வல்லூறு 260 முறை வேட்டையாடியதை அவர் பார்த்திருக்கிறார். இரை சிக்கியது 19 முறை. நூற்றுக்கு ஏழுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். உலகத்திலேயே வேகமான பறவைக்கு!

இந்த எண்ணை எல்லா ஊருக்கும் எடுத்துக்கொண்டு போக முடியாது. பருவம், இரை, பறவையின் வயது, கூட்டில் குஞ்சு இருக்கிறதா இல்லையா என்று பலவற்றைப் பொறுத்து இது மாறும். மீனை மட்டுமே நம்பி வாழும் விராலடிப்பான் நல்ல தெளிந்த நீரில் பாதிக்குப் பாதிகூட ஜெயிக்கும். வயிறு நிறைந்த பறவை சும்மா விரட்டிப் பார்ப்பதையும் வேட்டையாகக் கணக்கிடலாமா என்ற வாதமும் உண்டு. ஆனாலும், என் ஃபோல்டரில் இருக்கும் நூற்றுக்கு நூறுக்கும் ரூடெபெக்கின் ஏழுக்கும் நடுவில் உள்ள தூரத்தை இந்தக் காரணங்கள் எல்லாம் சேர்ந்தாலும் நிரப்ப முடியாது.

நாமக்கோழிக் கூட்டமும் பூனைப்பருந்தும்

வேட்டை எப்படித் தோற்கிறது என்று பார்க்க எங்கள் பக்கத்தில் வசதியான பறவை சேற்றுப் பூனைப்பருந்து. பருவமழை ஓய்ந்து, பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் தண்ணீர் ததும்பி நிற்கும் மாதங்களில், காலை வெயில் ஏறும் நேரத்தில் அது கோரைக்கு மேல் ஆள் உயரத்தில் இறக்கையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி மிதந்து வரும். அவசரமே இருக்காது. முதல்முறை பார்ப்பவர்கள் வேட்டை நடக்கிறது என்றே நினைக்க மாட்டார்கள்.

தண்ணீரில் இருக்கும் பறவைகளுக்கு மட்டும் யார் வருவது என்று துல்லியமாகத் தெரியும். செம்பருந்து தலைக்கு மேல் போனால் நீலச்சிறகிகள் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்ப்பதோடு சரி. பூனைப்பருந்து வந்தால் அதன் பாதையில் இருப்பவை மட்டும் எழுந்து விலகி, அது கடந்ததும் அதன் முதுகுக்குப் பின்னாலேயே இறங்கிவிடும். பொரி வல்லூறு வந்தால்தான் கதை வேறு. மூக்கன்களும் நெடுங்கால் உள்ளான்களும் மொத்தமாக எழும்பி இறுகச் சேர்ந்து வளைந்து வளைந்து பறக்கும். வாத்துகளோ பல நேரம் தண்ணீரை விட்டு எழவே எழாது, காற்றில் இருப்பதுதான் அந்த எதிரியிடம் ஆபத்து என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நாள் பழகிவிட்டால் வானத்தை அண்ணாந்து பார்க்கவே வேண்டாம். ஏரியைப் பார்த்தே மேலே யார் என்று சொல்லிவிடலாம். புதிதாக வருபவர்கள் பைனாகுலரை வானத்தில் துழாவிக்கொண்டிருப்பார்கள், பாவம்.

நாமக்கோழிகள், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட அந்தக் கருப்பு நீர்ப்பறவைகள், திறந்த நீரில் பரவலாக மேய்ந்துகொண்டிருக்கும். பூனைப்பருந்து அந்தப் பக்கம் திரும்பியதும் எல்லாம் ஒன்றை நோக்கி ஒன்று நீந்தி வந்து, இடைவெளியே இல்லாமல் நெருங்கிக்கொள்ளும். பருந்து கால்களைத் தொங்கவிட்டபடி கூட்டத்துக்கு மேலே வந்து தயங்கி நிற்கும். கீழே எல்லாம் காலால் தண்ணீரை உதைத்துத் தெளிக்கும். அந்தக் கலவரத்துக்குள் பருந்து இறங்காது. எதை எடுப்பது என்று அதற்குப் பிடிபடுவதில்லை. தப்பித்தவறி நனைந்து தண்ணீரில் விழுந்தால் அதன் பாடுதான் திண்டாட்டம். எடையில் நாமக்கோழியும் பூனைப்பருந்தும் ஏறக்குறைய சமம். தூக்கிக்கொண்டு பறந்துவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிடித்தாலும் அமுக்கி, இழுத்து, ஏதாவது ஆகாயத்தாமரைத் திட்டில் ஏற்றித்தான் தின்ன வேண்டும். ஆக அது விலகிப் போகும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். மறுபடி தயங்கும், மறுபடி போகும்.

நான் வெகுகாலம் இந்தத் தயக்கத்தைப் படமெடுத்து வந்து அழித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கேட்ட கேள்விக்குப் பிறகு ஒரு பருவம் முழுக்க மிஸ்களை அழிக்காமல் வைத்தேன். அப்புறம் ஒரு மழை நாளில் அவற்றை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தேன். தனித்தனி ஃபிரேமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். வரிசையாகப் பார்த்தபோது, கூட்டத்துக்கு நேர் மேலே நிற்கும் பருந்தின் தலை கூட்டத்தைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. அது விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியாக வந்து சேர்ந்த கோழி எது, தண்ணீரில் முங்கிவிட்டுத் தள்ளி எழும் கோழி எது என்று அங்கேயே கண். அது நடுவில் போய் நிற்பது பயமுறுத்த. பயமுறுத்துவது யாராவது பிரிந்து ஓடட்டும் என்று. தனியாகப் பிரிந்த ஒன்று கிடைத்துவிட்டால் உடனே அதற்கு மேல் மாறிவிடும். கோழி முங்கும். பருந்து அதே இடத்தில் இறக்கையடித்துக் காத்திருக்கும். கோழி மூச்சுக்கு மேலே வரும்போது கால் இறங்கும், கோழி திரும்ப முங்கும். இப்படியே அதைக் களைக்க வைப்பதுதான் வேட்டை. பாய்ச்சல் என்பது இதன் கடைசித் துளி மட்டும். பெரும்பாலும் அந்தத் துளியும் நடப்பதில்லை. கோழி கோரைக்குள் நுழைந்துவிடும் அல்லது கூட்டத்தோடு சேர்ந்துவிடும். பருந்து எங்காவது வரப்பில் உட்கார்ந்து ஈரம் உலர்த்தும்.

இதெல்லாம் இருந்தது நான் குப்பை என்று ஒதுக்கி வந்த வகைப் படங்களில்தான். கேமராவைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தால்தான் இயற்கை புரியும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பருந்தின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை என் கண் ஒருநாளும் பிடித்திருக்காது, கேமராதான் பிடித்தது. சிக்கல் கேமராவில் இல்லை, எதை வைத்துக்கொள்வது என்பதில்.

கண்ணுக்கு முன்னால் போகும் கேமரா

இப்போது மிரர்லெஸ் கேமராக்களில் ஒரு வசதி வந்துவிட்டது. பட்டனைப் பாதி அழுத்திக்கொண்டே இருந்தால் கேமரா ஓயாமல் படங்களை எடுத்துத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். முழுதாக அழுத்தும் நொடியில், அதற்கு முந்தைய அரை நொடி, ஒரு நொடிப் படங்களையும் சேர்த்துக் கார்டில் எழுதிவிடும். ஒலிம்பஸ் 2016இலேயே இதைக் கொண்டுவந்தது, அப்புறம் மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ஒரு பருந்து கம்பத்தை விட்டுத் தாவுவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அழுத்துவதற்குள் ஏறக்குறைய கால் நொடி போய்விடும். அந்தக் கால் நொடியில்தான் தாவலே இருக்கிறது. பழைய ஆட்கள் இந்த வசதியை ஏமாற்று வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் இதனால் ஒரு விசித்திரம் உண்டாகிறது: நாம் பார்க்கவே பார்க்காத ஒன்றை நாம் எடுத்த படம் என்று சொல்கிறோம். எடுத்ததை அழிக்கும்போதும், பார்க்காத ஒன்றைத்தான் அழிக்கிறோம்.

பொரி வல்லூறு விஷயத்தில் இந்த வசதியும் உதவாது. மேலிருந்து இறக்கையை மடக்கி விழும்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். வியூஃபைண்டரில் அதைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்தப் பறவை கீழே வரும் பாதையைப் பற்றி அமெரிக்காவில் வான்ஸ் டக்கர் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வல்லூறின் ஒவ்வொரு கண்ணிலும் கூர்மையான பார்வைக்குரிய குழிகள் இரண்டு உண்டு. இரண்டில் கூர்மை அதிகமான குழி நேர்முன்னால் பார்ப்பதில்லை, ஏறக்குறைய 40 பாகை பக்கவாட்டில் பார்க்கிறது. தூரத்து இரையைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்ப வேண்டும். அந்த வேகத்தில் தலையைத் திருப்பினால் காற்று பிடித்து இழுக்கும். ஆகவே அது தலையை நேராக வைத்துக்கொண்டு, இரையைப் பக்கக் கண்ணில் நிறுத்தி, வளைந்த பாதையில் வருகிறது. நேர்க்கோட்டைவிட நீளமான பாதைதான், ஆனால் இதுதான் சீக்கிரம் கொண்டுசேர்க்கிறது. 2000ஆம் ஆண்டு இதை வெளியிட்டார்கள். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் கரோலின் பிரைட்டனும் உடனிருந்தவர்களும், பழக்கிய வல்லூறுகளின் மேல் ஜிபிஎஸ்ஸும் சின்ன கேமராவும் பொருத்திப் பறக்கவிட்டார்கள். இரையை நோக்கி அது திரும்பும் விதம், ஏவுகணைகளை வழிநடத்தப் பயன்படும் அதே கணக்கோடு ஒத்துப்போகிறது என்று 2017இல் கண்டார்கள். இதைப் படித்தபிறகுதான், உயர்மின் கோபுரத்திலிருந்து கிளம்பும் வல்லூறு ஏன் புறாக் கூட்டத்தை விட்டு விலகிப் போவதுபோல் தெரிகிறது என்று எனக்கு விளங்கியது. அது விலகுவதாக நினைத்துப் பாதியில் கேமராவை இறக்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஆராய்ச்சியிலும் அழகான வெற்றிக் கதைகள் வேகமாகப் பரவிவிடும். செந்நிற வல்லூறு காற்றில் நின்றபடி, எலிகளின் மூத்திரத் தடத்தைப் புற ஊதா ஒளியில் பார்த்துக் கண்டுபிடிக்கிறது என்று 1995இல் பின்லாந்து ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அது எல்லா ஆவணப்படத்திலும் வந்தது. இன்றைக்கும் ஏரிக்கரையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. 2013இல் வந்த இன்னொரு ஆய்வு, இந்தப் பறவைகளின் கண்ணே புற ஊதாவைப் பெருமளவு தடுத்துவிடுகிறது, மூத்திரத் தடமும் நம்பத்தக்க அடையாளம் இல்லை என்று காட்டியது. அதை யாரும் கரையில் சொல்லக் கேட்டதில்லை.

நடைமுறையில் எனக்கு உதவியது ஆய்வுக் கட்டுரைகளைவிடக் காற்றுதான். கருந்தோள் பருந்து காற்றுக்கு முகம்கொடுத்துத்தான் அந்தரத்தில் நிற்கும். ஜனவரி, பிப்ரவரி காலையில் சென்னையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், வெயில் தென்கிழக்கிலிருந்து. நீங்கள் வயலின் கிழக்கு வரப்பில் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் பறவையின் முகமும் வெளிச்சமும் ஒருசேர உங்கள் பக்கம். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிடும். பறவை கிழக்கே பார்க்கும், சூரியன் மேற்கே இருக்கும். மாலையில் கிடைப்பது வெயில் விழுந்த வால்தான். இதைத் தெரிந்துகொண்டால் பைக்கில் பறவைக்குப் பின்னாலேயே வரப்பில் ஓட்டி அலைய வேண்டியதில்லை. அது எலி தேடும் நேரத்தில் பாதி நேரம் நம்மைப் பார்த்தே விலகிப் பறந்துகொண்டிருக்கும் கொடுமையும் நடக்காது.

காலில் ஒரு நரம்பு

மிஸ்களைச் சேர்த்துவைத்த அந்தப் பருவத்தில் ஒரு வெற்றியும் கிடைத்தது. பூனைப்பருந்து, பெண், வெளிர்மஞ்சள் தலை. முங்கி முங்கி எழுந்த ஒரு நாமக்கோழியின் மேல் விடாமல் நின்று, கடைசியில் இரு காலாலும் அழுத்திப் பிடித்துவிட்டது. இறக்கையைத் தண்ணீரில் அடித்து அடித்து, கோழியை ஆகாயத்தாமரைத் திட்டுக்கு இழுத்து வந்து, அதன் மேல் ஏறி நின்று சுற்றும்முற்றும் பார்த்தது. பக்கவாட்டு வெயில், நீர்த்துளி, மஞ்சள் கண், எல்லாம் சரியாக அமைந்துவிட்டன. இப்படி ஒரு படத்துக்காகத்தான் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறோம். கூட வந்த நண்பர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அன்று இரவு படத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். நிழலைக் கொஞ்சம் தூக்கி, பெரிதாக்கிப் பார்த்தபோது நாமக்கோழியின் ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இலைபோன்ற விரல்களுக்கு மேலே, கணுவில், ஏதோ மினுங்கியது. இன்னும் பெரிதாக்கினேன். தூண்டில் நரம்பு. பல சுற்றுச் சுற்றி, இறுகி, சதைக்குள் பதிந்து, கால் வீங்கியிருந்தது. ஒரு முனை பின்னால் ஆகாயத்தாமரை வேரோடு போய்க்கொண்டிருந்தது.

முந்தைய ஃபிரேம்களுக்குப் போனேன். அழிக்காமல் வைத்திருந்ததால் போக முடிந்தது. கூட்டம் நெருங்கியபோது இந்தக் கோழி கடைசியாக வந்தது. மற்றவை காலால் நீரை உதைத்தபோது இது உதைக்கவில்லை, உடம்பைத் திருப்பிக்கொண்டிருந்தது. பருந்து முதல் சுற்றிலேயே இதைப் பார்த்துவிட்டது. அப்போதிருந்து அதன் தலை இந்தப் பக்கமே திரும்பியிருக்கிறது. மற்ற கோழிகள் முங்கிச் சேரும் தூரத்தில் பாதிகூட இதனால் போக முடியவில்லை.

ரூடெபெக்கின் கட்டுரையில் நான் அவ்வளவாகக் கவனிக்காமல் கடந்துபோன இன்னொரு பகுதி அப்போதுதான் உறைத்தது. பிடிபட்ட இரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, பார்த்தாலே தெரியும் குறையோடு இருந்தது என்று அவர் எழுதியிருந்தார். காயம், நோய், கூட்டத்திலிருந்து வழிதவறியது, இப்படி. அவர் காலத்து ஃபால்ஸ்டர்போவில் அந்தக் குறைகள் எப்படி வந்திருக்கும் என்று தெரியாது. பெரும்பாக்கத்தில் இந்தக் குறையைக் கொண்டுவந்தது கரையில் தூண்டில் போட்டு, சிக்கிய நரம்பை அறுத்துவிட்டுப் போன யாரோ. வேட்டைக்குள் எங்கள் ஊரே ஒரு கை கொடுத்திருந்தது. வானத்து ராஜாவின் வீரம் என்று படம் சொல்வதற்கும் உண்மையில் நடந்ததற்கும் நடுவில் அந்த மெல்லிய நரம்பு நிற்கிறது.

பருந்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அது செய்தது கச்சிதமான வேலை. நூற்றுக்கணக்கான கோழிகளில் உடம்புக்கு முடியாதது எது என்று கரையில் நின்ற எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, அதற்குத் தெரிந்தது. ஆனால் இந்த ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னால் நடந்த தோல்விகளை அழித்துவிட்டால், அந்தத் திறமையும் சேர்ந்தே அழிந்துவிடுகிறது. முடியாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தப்பித்தவற்றின் படங்கள்தான் காட்டும்.

இரை வைத்து எடுக்கும் படங்களைப் பற்றிய என் எண்ணமும் இதற்குப் பிறகு கொஞ்சம் மாறியது. முன்பெல்லாம் அது ஒழுக்கக் கேடு என்று கோபம் மட்டும் வரும். கோபம் இன்னும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் வரையறையில் பொறி வைப்பதோடு, விரட்டுவதும் இரை வைத்து ஈர்ப்பதும் அடங்கும். துப்பாக்கி வேண்டியதே இல்லை. எலியை நூலில் கட்டி வயலில் விட்டுவிட்டு ஆந்தைக்குக் காத்திருக்கிறவர் சட்டப்படி வேட்டைக்காரர்தான், கையில் இருப்பது கேமரா என்றாலும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட முடியவில்லை. ஸ்காட்லாந்திலும் பின்லாந்திலும் மீன் வளர்க்கும் குளங்களுக்கு ஓரமாக மறைவிடம் கட்டி, காசு வாங்கிக்கொண்டு உட்காரவைக்கிறார்கள். விராலடிப்பான் தானாக வருகிறது, தானாகப் பாய்கிறது, தோற்கவும் செய்கிறது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு டிரவுட் மீனோடு எழும் புகழ்பெற்ற படங்கள் பல அங்கே எடுத்தவை. எனக்கு அதில் பெரிய குற்றம் தெரியவில்லை, குளம் வளர்ப்புக் குளம் என்று படத்தின் கீழே எழுதிவிட்டால் போதும். மலேசியாவின் லங்காவியில் சுற்றுலாப் படகுக்காரர்கள் கோழித்தோலை வீசிச் செம்பருந்துகளைக் கூட்டமாக இறக்குவது வேறு கதை. அங்கே வேட்டையே இல்லை, பந்திதான் இருக்கிறது. நம் திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் சர்க்கரைப் பொங்கலுக்கு வந்த இரண்டு மஞ்சள்முகப் பாறுகளை ஊரே கும்பிட்டது, அவற்றை யாரும் வேட்டைக்காரர் என்று சொல்லவில்லை. பந்தியைப் பந்தி என்று சொன்னார்கள், அவ்வளவுதான். பந்தியில் எடுத்த படத்தை வேட்டை என்று போடுவதுதான் உறுத்துகிறது. அந்தப் படத்தில் தோற்பதற்கு வழியே இல்லை.

பார்ப்பவர்கள் கேட்பது காலில் இரை இருக்கும் படத்தைத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வெறுங்கால் படத்தைப் போட்டால் யாரும் நின்று பார்ப்பதில்லை. சொந்தக்காரர்களுக்குக் காட்டும்போது நாமக்கோழிக் கூட்டத்தின் மேல் பருந்து தயங்கும் வரிசையை ஓடவிட்டேன். மாமியார் மட்டும் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அந்த ஓரத்துல இருக்கே, அது தப்பிச்சுதா இல்லையா?" என்றார். தப்பித்துவிட்டது என்றேன். "அப்போ இதுக்கு இன்னைக்குச் சாப்பாடு?" என்று பருந்தைக் காட்டிக் கேட்டார். அதற்கு என்னிடம் படம் இல்லை. நான் வெயில் ஏறியதும் கிளம்பிவிட்டிருந்தேன்.

நரம்பு இருக்கும் படத்துக்கு வருகிறேன். உடனிருந்த நண்பருக்கு அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் வருத்தப்பட்டார், நிஜமாகவே. பிறகு, "ஒரு நிமிஷ வேலை, கால் பக்கம் லேசா குளோன் பண்ணிடு. பாக்கறவங்க பருந்தைப் பாக்கணுமா, உன் நரம்பைப் பாக்கணுமா?" என்றார். படத்தில் இருந்ததை நீக்கினால் போட்டிகளில் ஏற்க மாட்டார்கள் என்றேன். "போட்டிக்கு அனுப்பாதே. பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டு. வீட்டுக்கு வர்றவங்களுக்குக் கொடுமையை எதுக்குக் காட்டணும்?" அவர் சொல்வதில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. அவர் வீட்டு ஹாலில் மீனோடு எழும் விராலடிப்பான் ஒன்று மாட்டியிருக்கிறது, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். நான் இன்னும் பிரிண்ட் போடவில்லை. போட்டால் நரம்போடுதான், பக்கத்தில் அந்தக் காலையின் மிஸ்களையும் சேர்த்து ஒரே சட்டத்தில் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு நீளச் சட்டம் எந்தச் சுவரில் நிற்கும் என்று அவர் கேட்கிறார்.